ஜவ்வு என்னும் ஒற்றைச் சொல்

நிலக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் மல்லிகையை விடியும் முன்பே பறித்துவிடுவார்கள். மொட்டாகப் பறித்த பூ மொட்டாகவே கட்டப்பட்டு, சூடுகிறவர் தலையில் சாயங்காலம் விரிய வேண்டும் என்பது அந்தத் தொழிலின் கணக்கு. எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் காலை ஏழு மணிக்கெல்லாம் மொட்டு வந்து சேர்ந்துவிடும். அம்மா அதற்குள் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, மெல்லிசாகக் கிழித்து வைத்திருப்பார். இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம் என்று காம்போடு காம்பு சேர வைத்து, வலது கையால் நாரைக் காம்புகளின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, விரல் நுனியில் கண்ணியாக்கிக் கோத்து இழுத்தால் ஒரு கட்டு. இதை நான் எழுதி முடிப்பதற்குள் அம்மா பத்துக் கட்டுப் போட்டிருப்பார். எங்கள் படிப்புச் செலவில் பாதி அந்த விரல்களிலிருந்து வந்தது.

2008 மார்கழியில், அம்மாவுக்கு நாற்பத்தாறு வயதாக இருந்தபோது, மொட்டு வந்து இறங்கிய பிறகும் கூடை அப்படியே இருக்கத் தொடங்கியது. அம்மா ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்து, இரண்டு கைகளையும் அதில் அமிழ்த்தியபடி உட்கார்ந்திருப்பார். “விரலு மடங்க மாட்டேங்குதுடி. பத்து மணிக்கு மேலதான் கட்ட முடியுது” என்று ஒருநாள் சொன்னார். பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துபவள் நான். மூட்டுகளின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லிக்கொடுத்தவள். அம்மாவின் அந்த ஒரு வாக்கியத்துக்குள் முடக்குவாதம் என்ற நோயின் பெயர் முழுதாக இருந்தது. எனக்கு அது கேட்கவில்லை. அது கேட்காமல் போனதால் இழந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றியும், அந்தக் காலத்தில் மூட்டுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

கேட்காததற்கு ஒரு காரணம் இருந்தது. 2006-இல் தமிழ்நாடு முழுவதும் சிக்குன்குனியா பரவியது. எங்கள் தெருவில் அந்தக் காய்ச்சல் வராத வீடே இல்லை. 1964-இல் சென்னையில் ஒருமுறை பரவிவிட்டுப் போன அதே நோய், நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்திருந்தது. 1952-இல் இன்றைய தான்சானியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டபோது அங்குள்ள மக்கொண்டே மக்களின் மொழியிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அது. உடல் வளைந்துபோவதைக் குறிக்கும் சொல். காய்ச்சல் நான்கு நாளில் இறங்கினாலும் மூட்டு வலி மாதக் கணக்கில் நீடித்தது. சுவரைப் பிடித்தபடி நடந்தவர்களை நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அம்மாவுக்கும் அப்போது காய்ச்சல் வந்து, மூன்று மாதங்களில் வலி அறவே விட்டுப்போனது. ஆகவே 2008-இல் விரல் வலித்தபோது, அந்தக் காய்ச்சலின் மிச்சம் என்று ஊரே சொன்னது, நாங்களும் அதையே நம்பினோம். இரண்டு ஆண்டுகள் நன்றாக இருந்த மூட்டு ஏன் புதிதாக வீங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு காரணமும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களுடன்தான் இருந்தார். அவருக்கு அறுபது வயதிலிருந்தே முழங்கால் வலி. மாடிப்படி ஏறினால் வலி, கீழே உட்கார்ந்து எழுந்தால் வலி, நியாய விலைக்கடை வரிசையில் நின்றுவிட்டு வந்தால் இரவு முழுவதும் வலி. அவர் அலமாரியில் ஒரு தைலப் புட்டி எப்போதும் இருக்கும். அம்மா விரல் வலிக்கிறது என்று சொன்னதும் அத்தை அந்தப் புட்டியைத்தான் எடுத்து நீட்டினார். “நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான். ஜவ்வு தேய்ஞ்சு போச்சு” என்றார். “ஆமா மதினி” என்று அம்மாவும் ஒப்புக்கொண்டார். ஒரே தைலம், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஒரே வலி மாத்திரை, இரண்டு பேருக்கும். அத்தைக்கு அது கொஞ்சம் கேட்டது. அம்மாவுக்குக் கேட்கவில்லை.

இந்த ‘ஜவ்வு’ என்ற சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். தமிழில் பேசும்போது எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பையும் ஜவ்வு என்கிறோம். முழங்காலுக்குள் இருக்கும் பிறை வடிவத் தட்டையும் ஜவ்வு என்கிறோம். எலும்பை எலும்போடு இழுத்துக் கட்டும் நாரையும், முதுகெலும்புக்கு நடுவே உள்ள வட்டையும், மூட்டின் உட்புறம் படர்ந்திருக்கும் மெல்லிய படலத்தையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். மருத்துவர்களும் நோயாளிக்குப் புரிய வேண்டும் என்று இதையே சொல்கிறார்கள். ஐந்து வெவ்வேறு உறுப்புகளுக்கு ஒரே பெயர் இருந்தால், அவற்றில் வரும் ஐந்து வெவ்வேறு கேடுகளும் நம் காதில் ஒரே கேடாகத்தான் விழும். அத்தைக்குக் கெட்டது ஒரு ஜவ்வு. அம்மாவுக்குக் கெட்டது வேறொரு ஜவ்வு. இந்த வேறுபாடு தெரியாததால்தான் ஒரே தைலப் புட்டி இரண்டு பேருக்கும் போதும் என்று நாங்கள் நினைத்தோம்.

அசையும் மூட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு எலும்புகளின் முனைகளும் வழவழப்பான குருத்தெலும்பால் போர்த்தப்பட்டிருக்கும். முழங்காலில் அதன் தடிமன் சில மில்லிமீட்டர்தான். அதில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதன் எடையில் முக்கால் பங்கு வரை தண்ணீர். மீதி, கொலாஜன் இழைகளும் அந்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பெரிய மூலக்கூறுகளும், அவற்றுக்கிடையே ஆங்காங்கே உட்கார்ந்திருக்கும் செல்களும். இரண்டு முனைகளையும் சேர்த்து ஓர் உறை மூடியிருக்கிறது. அந்த உறையின் உட்புறத்தில், குருத்தெலும்பைத் தவிர மற்ற இடங்களில், ஓரிரு செல் அடுக்குகளே கொண்ட சைனோவியல் படலம் படர்ந்திருக்கிறது. இந்தப் படலம்தான் மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீரைச் சுரக்கிறது. இவ்வளவு பெரிய முழங்காலுக்குள்ளும் இயல்பு நிலையில் அந்த நீர் ஒரு தேக்கரண்டி அளவுகூட இருக்காது. ரத்தக் குழாய் இல்லாத குருத்தெலும்புக்குச் சோறு போடுவதும் இந்த நீர்தான். நாம் காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கி உள்ளிருக்கும் நீரை வெளியே விடுகிறது. காலை எடுக்கும்போது, ஊறிய பஞ்சைப் போல, உணவோடு கூடிய புது நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது என்று வகுப்பில் சொல்வேன். அது உவமைக்காகச் சொல்வது அல்ல, உண்மையிலேயே அப்படித்தான்.

அத்தையின் முழங்காலில் நடந்தது இந்தக் குருத்தெலும்பின் சிதைவு. தேய்மானம் என்ற சொல் பாதிதான் சரி. செருப்பு தேய்வதைப் போல வெறுமனே உராய்ந்து கரைவதாக அது நமக்குத் தோன்ற வைக்கிறது. உண்மையில், பழுதைச் சரிசெய்ய முயலும் செல்களே காலப்போக்கில் கட்டுவதைவிட உடைப்பதை அதிகமாகச் செய்யத் தொடங்கிவிடுகின்றன. அடியிலிருக்கும் எலும்பு கெட்டிப்படுகிறது. மூட்டின் ஓரங்களில் முள்போல எலும்பு முளைக்கிறது. உட்படலமும் லேசாக அழற்சி கொள்கிறது. குருத்தெலும்பில் நரம்பு இல்லை என்பதால், அது தேயும்போது ஆரம்பத்தில் வலியே தெரிவதில்லை. வலி சொல்வது அதைச் சுற்றியிருக்கும் எலும்பும் படலமும் உறையும்தான், அதாவது சேதம் ஓரளவு நடந்து முடிந்த பிறகு.

அத்தையின் எக்ஸ்ரேயைக் காட்டி, இரண்டு எலும்புக்கும் நடுவே இடைவெளி குறைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னபோது அத்தை குழம்பிப்போனார். எலும்புக்கு நடுவே எதற்கு இடைவெளி என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அது உண்மையில் இடைவெளியே அல்ல. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது, ஆகவே அது இருக்கும் இடம் வெற்றிடம் போலக் காட்டுகிறது. இடைவெளி குறைந்தது என்றால் அங்கே இருந்த குருத்தெலும்பு குறைந்தது என்று பொருள். இதைப் படம் வரைந்து சொன்ன பிறகுதான் அத்தைக்குத் தெளிந்தது. நோயாளிக்கு இப்படி ஒரு நிமிடம் ஒதுக்கினால் எத்தனையோ குழப்பம் தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அத்தையின் வலிக்கு ஒரு நடத்தை உண்டு. காலையில் எழுந்ததும் முட்டி கொஞ்சம் பிடித்திருக்கும். பால் வாங்கிக்கொண்டு வருவதற்குள், கால் மணி, மிஞ்சினால் அரை மணியில், இளகிவிடும். பிறகு வேலை செய்யச் செய்ய வலி ஏறும். உட்கார்ந்தால் குறையும். உழைத்தால் கூடும், ஓய்ந்தால் குறையும் என்பது இந்த நோயின் முகம். இதற்கான வைத்தியமும் அதற்கேற்ப எளிமையானது, ஆனால் பொறுமை கேட்பது. நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கிப் பத்து எண்ணிவிட்டு இறக்கும் பயிற்சியை அத்தை தினமும் காலையும் மாலையும் செய்தார். முதல் மூன்று வாரம் முணுமுணுத்துக்கொண்டே செய்தார், பிறகு தானாகவே செய்தார். தொடைத் தசை வலுத்தால் முழங்கால் தாங்க வேண்டிய அதிர்ச்சியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. அத்தை ஆறு கிலோ குறைத்தார். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான அடிகள் என்று பெருக்கிப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய இளைப்பாறல் என்பது விளங்கும்.

அம்மாவின் வலி இதற்கு நேர் எதிராக நடந்துகொண்டது. இரவு ஓய்ந்து படுத்து எழுந்தால்தான் கை மரக்கட்டையாக இருக்கும். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் கழித்தே விரல்கள் மடங்கும். வேலை செய்யச் செய்ய இளகும். விரல்களின் அடிக்கணுவும் நடுக்கணுவும் வீங்கின. நுனிக்கணு வீங்கவே இல்லை. வலது கையில் எந்தக் கணுவோ இடது கையிலும் அதே கணு. கால் விரல்களின் அடியிலும் வலி இருந்திருக்கிறது. கூழாங்கல்லின் மேல் நடப்பது போல இருக்கிறது என்று அம்மா சொன்னதை நாங்கள் செருப்பின் குறையாக எண்ணி, இரண்டு முறை செருப்பு மாற்றினோம். எப்போதும் ஒரு சோர்வு. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடுவது போன்ற உணர்வு. இவை ஒவ்வொன்றும் முடக்குவாதத்தின் அடையாளம். கண்ணெதிரே வரிசையாகக் கிடந்தன.

முடக்குவாதத்தில் முதலில் கெடுவது குருத்தெலும்பு அல்ல, அந்த மெல்லிய உட்படலம். வெளியிலிருந்து வரும் கிருமியைத் தாக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், உடலின் சொந்தப் புரதங்களையே அந்நியமாகக் கருதத் தொடங்குகிறது. அவற்றைத் தாக்க அது உண்டாக்கும் தவறான எதிர்ப்பொருள்கள் வலி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தத்தில் இருக்கக்கூடும். பரம்பரைக் கூறும், புகைப்பழக்கமும், ஈறு நோயும் இதற்கு வழிவிடுகின்றன. பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. ஓரிரு செல் அடுக்காக இருந்த படலம் எதிர்ப்புச் செல்களால் நிரம்பித் தடிக்கிறது. புதுப் புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. ஒரு தேக்கரண்டிகூட இல்லாத நீர் பெருகி மூட்டை உப்ப வைக்கிறது. தடித்த அந்தப் படலம் ஓரத்திலிருந்து குருத்தெலும்பின் மேல் ஊர்ந்து படர்ந்து அதை அரிக்கிறது, எலும்பையும் அரிக்கிறது. இப்படிப் படரும் திசுவை மருத்துவர்கள் பன்னஸ் என்கிறார்கள். லத்தீனில் துணி என்று பொருள். காலை விறைப்புக்கும் காரணம் உண்டு. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் பின்னிரவிலும் விடியலிலும்தான் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுகின்றன. மொட்டு வந்து இறங்கும் அதே வேளையில் அம்மாவின் கணுக்களுக்குள் நெருப்பு உச்சத்தில் இருந்தது.

அந்த இரண்டு ஆண்டுகளில் நாங்கள் என்னவெல்லாம் செய்தோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வாயுப் பதார்த்தம் என்று சொல்லி உருளைக்கிழங்கு, வாழைக்காய், பருப்பு, கொண்டைக்கடலை என ஒவ்வொன்றாக நிறுத்தினோம். பருப்பு இல்லாத சாப்பாட்டில் புரதம் எங்கிருந்து வரும்? ஏற்கெனவே அழற்சியால் ரத்தம் குறைந்துகொண்டிருந்தவரை நாங்களும் சேர்ந்து மெலிய வைத்தோம். பிறகு, தெரிந்தவர் சொன்னார் என்று ஒருவரிடம் பெயர் எழுதாத பொட்டலத்தில் ஒரு பொடி வாங்கினோம். மூன்றே நாளில் வீக்கம் வற்றியது. அம்மா விடியற்காலையிலேயே உட்கார்ந்து பூக்கட்டினார், நான் அழுதுவிட்டேன். நான்கு மாதத்தில் முகம் உருண்டையாக வீங்கி, சர்க்கரை ஏறி, பொடியை நிறுத்திய வாரத்தில் முன்பைவிடப் பல மடங்கு வலியோடு படுக்கையில் விழுந்தார். அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று பின்னால் பார்த்த மருத்துவர் சந்தேகப்பட்டார். ஸ்டீராய்டு தன்னளவில் கெட்ட மருந்து அல்ல. 1948-இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தியபோது, படுத்த படுக்கையாக இருந்த அந்தப் பெண் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-இல் நோபல் பரிசே கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே நீண்ட நாள் கொடுத்தால் அது என்ன விலை கேட்கும் என்பதும் தெரிந்துவிட்டது. அளவு தெரிந்து, குறுகிய காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டிய ஒன்றைப் பொட்டலத்தில் மடித்து விற்பவர்கள் மீது எனக்கு இன்றும் ஆறாத கோபம் இருக்கிறது.

எலும்பு மருத்துவர் ஒருவர்தான் அம்மாவின் கையைப் பார்த்ததும், இது என் துறை அல்ல என்று சொல்லி, மதுரையில் ஒரு ருமட்டாலஜிஸ்ட்டிடம் அனுப்பினார். இப்படி ஒரு துறை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. எலும்பு முறிவையும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையையும் பார்ப்பது முடநீக்கியல். மூட்டில் வரும் அழற்சி நோய்களை மருந்தால் பார்ப்பது வேறு துறை. அந்த மருத்துவர் அம்மாவிடம் முதலில் கேட்டது, “காலைல எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல கை சரியாகுதும்மா?” என்பதுதான். அடுத்து, கைகுலுக்குவதைப் போல அம்மாவின் வலது கையைப் பிடித்து, நான்கு விரல்களின் அடிக்கணுக்களையும் பக்கவாட்டில் மெதுவாக அழுத்தினார். மென்மையான அழுத்தம்தான். அம்மாவின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இடது கையிலும் அதேபோல. ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமலே அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்தது.

பரிசோதனைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முடக்குவாதத்தோடு தொடர்புள்ள ஓர் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற பரிசோதனையின் விடையைக் கையில் வைத்துக்கொண்டு தாங்களாகவே முடிவுக்கு வருகிறவர்கள் ஏராளம். முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது இல்லை என்றே வரும். காசநோய், சில கல்லீரல் தொற்றுகள் உள்ளவர்களுக்கும், வெறும் முதுமையாலும் இருக்கிறது என்று வரும். வேறொரு எதிர்ப்பொருளைத் தேடும் ஆன்டி சி.சி.பி. என்ற பரிசோதனை இதைவிட நம்பகமானது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகியவை அழற்சி எந்த அளவு எரிகிறது என்பதைக் காட்டுபவை. எந்த நோயால் என்று அவை சொல்லாது. தாள் சொல்வதோடு கணு சொல்வதையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

அம்மாவின் எக்ஸ்ரேயில் வலது கை நடுவிரலின் அடிக்கணுவிலும் ஆள்காட்டி விரலின் அடிக்கணுவிலும், எலும்பின் ஓரத்தை எலி கடித்தது போலச் சிறு பள்ளங்கள் இருந்தன. மருத்துவர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். இந்த அரிப்பு, மருந்து எடுக்காதவர்களுக்குப் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அறிகுறி தெரிந்த மூன்று மாதங்களுக்குள் மருந்து தொடங்க வேண்டும் என்று ஐரோப்பிய மூட்டு நோய் மருத்துவக் கூட்டமைப்பு பரிந்துரைப்பது இதனால்தான். வீக்கம் வற்றும், வலி நிற்கும், சோர்வு போகும். அரிக்கப்பட்ட எலும்பு மட்டும் பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. நாங்கள் தைலத்தோடும் பொடியோடும் கழித்த இருபத்துச் சொச்சம் மாதங்களில்தான் அந்தப் பள்ளங்கள் விழுந்தன.

அம்மாவுக்குத் தொடங்கிய மருந்து மெத்தோட்ரெக்சேட். இந்த மருந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அது சென்னையில் படித்த ஒருவரிடம் போய் நின்றதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. 1895-இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகத சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதராடை அணிந்ததால் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றுதான் அவருக்குத் தரப்பட்டது. 1920-களில் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆராய்ந்து, பின்னர் லெடர்லே மருந்து நிறுவனத்தில் அவர் வழிநடத்திய குழு 1940-களில் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தது. அதே குழு ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் உருவாக்கியது. அவற்றைக் கொண்டுதான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு முதன்முதலாக மருந்து கண்டார். அந்த வரிசையில் வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். சுப்பாராவ் 1948-இல் இறந்துவிட்டார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1988-இல், அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அது முறையான ஒப்புதல் பெற்றது. அம்மாவின் மருந்துச் சீட்டில் மெத்தோட்ரெக்சேட்டும் அதன் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலமும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. இரண்டுமே ஒரே மனிதரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை.

புற்றுநோய் மருந்து என்று மருந்துக்கடையில் யாரோ சொல்லிவிட, அம்மா அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் அளவு புற்றுநோய்க்குக் கொடுப்பதில் மிகச் சிறிய பங்கு. எதிர்ப்பு மண்டலத்தின் வேகத்தைத் தணிப்பதற்கு மட்டுமே. ஆனால் ஒரு விஷயத்தில் கொஞ்சமும் அசட்டையாக இருக்கக் கூடாது. இந்த மாத்திரை வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. தினமும் சாப்பிடும் மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தவறுதலாகத் தினமும் விழுங்கியவர்கள் எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்திருக்கிறார்கள். அதனால் எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு என்று வைத்துக்கொண்டோம். தினசரி காலண்டரில் ஒவ்வொரு சனிக்கிழமைத் தாளிலும் வருடத் தொடக்கத்திலேயே மஞ்சள் தொட்டு வைத்துவிடுவோம். மாத்திரை போட்ட பிறகுதான் அந்தத் தாளைக் கிழிக்க வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பரிசோதிக்க வேண்டும். மருந்து வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். வலி மாத்திரையைப் போல அரை மணியில் பலன் எதிர்பார்த்துவிட்டு, ஒரு மாதத்தில் கேட்கவில்லை என்று நிறுத்திவிடுபவர்களை நான் அறிவேன். அம்மாவுக்கு ஒன்பதாவது வாரத்தில் ஒருநாள் காலை எட்டரை மணிக்கே பால் பாக்கெட்டைப் பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்க முடிந்தது.

மெத்தோட்ரெக்சேட் போதாதவர்களுக்கு வேறு மருந்துகளும் இருக்கின்றன. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992-இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் டி.என்.எஃப். என்ற ஒரே ஓர் அழற்சிப் பொருளை மட்டும் கட்டிப்போடும் ஊசியைச் சில நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தது, இந்த நோயின் வைத்தியத்தையே திருப்பிப்போட்டது. நம் நாட்டில் அந்த ஊசி போடும் முன் உடலில் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதை அடக்கி வைத்திருப்பதே அந்த டி.என்.எஃப்.தான். அம்மாவுக்கு அதுவரை போக நேரவில்லை.

மூட்டழற்சி என்ற பெயருக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட நோய்கள் இருக்கின்றன. நள்ளிரவில் கால் பெருவிரல் மட்டும் சிவந்து, போர்வை பட்டால்கூட உயிர் போவது போல வலித்தால் அது யூரிக் அமிலப் படிகத்தின் வேலையாக இருக்கலாம். சோரியாசிஸ் உள்ளவர்களுக்கு வருவது ஒரு வகை. இருபது வயது இளைஞனுக்கு விடியற்காலையில் முதுகு இரும்பாக இறுகினால் அது வேறொன்று. ஒரே ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சுட்டு, வீங்கி, கூடவே காய்ச்சலும் குளிரும் வந்தால் மட்டும் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. கிருமி புகுந்த மூட்டில் குருத்தெலும்பு சில நாட்களிலேயே அழிந்துவிடும்.

நம் முன்னோர்கள் இந்த வேறுபாடுகளைக் கவனிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சித்த மருத்துவம் கீல்வாயுவில் பல வகைகளைப் பிரித்துச் சொல்கிறது. கீல் என்றால் மூட்டு. முடக்கை அறுப்பது என்று கீரைக்கே பெயர் வைத்திருக்கிறோம். அத்தை இன்றும் வாரம் ஒருமுறை முடக்கத்தான் தோசை சுடுகிறார். இலையைப் புழுங்கலரிசியோடு அரைத்து, பச்சை வாசனை போகும்வரை மெல்லிய தீயில் வார்த்தால் அருமையாக இருக்கும், அம்மாவும் விரும்பிச் சாப்பிடுவார். அதைச் சாப்பிடுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. எலும்பு அரிபட்டுக்கொண்டிருக்கும்போது, தோசை போதும் என்று மாதங்களைக் கடத்துவதில்தான் மறுப்பு.

அத்தைக்குப் பயிற்சியாலும் எடைக் குறைப்பாலும் எட்டு ஆண்டுகள் ஓடின. அதற்குப் பிறகு வலது முழங்கால் வெளிப்புறமாக வில்லாக வளைந்து, தூக்கத்திலும் வலிக்கத் தொடங்கியதால் 2018-இல் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்து, பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டின் விலையை வரி நீங்கலாக 54,720 ரூபாயாக இறக்கியிருந்தது. அதற்கு முன் லட்சத்தைத் தாண்டிய விலை. அறுவை சிகிச்சையின் மறுநாளே எழுந்து நிற்க வைத்தார்கள். இப்போது நியாய விலைக்கடைக்கு அவரே போய் வருகிறார். கீழே சம்மணமிட்டு உட்காருவதில்லை, அவ்வளவுதான்.

அம்மா திரும்பவும் பூக்கட்டுகிறார், கூலிக்கு அல்ல, வீட்டுச் சாமிக்கும் எங்களுக்கும். வாழைநார் வழுக்குகிறது என்று பருத்தி நூலுக்கு மாறிவிட்டார். அரிக்கப்பட்ட அந்த இரண்டு கணுக்களும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருப்பதால், வலது ஆள்காட்டி விரலால் கண்ணியைப் பிடிக்க முடியாமல் மோதிர விரலால் பிடிக்கப் பழகிக்கொண்டார். கட்டு முன்பு போல நெருக்கமாக விழுவதில்லை. போன வருடம், ஐந்தாறு வருடமாக வலியே இல்லையே, மாத்திரையை விட்டுவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டார். அவர் யோசித்து, 15 மில்லிகிராமிலிருந்து மெதுவாகக் குறைத்துப் பார்க்கலாம் என்றார். 10 மில்லிகிராம் வரை இறங்கியபோது, ஒருநாள் காலை ஏழரை மணிக்கு அம்மா வெந்நீர்க் கிண்ணத்தை எடுத்ததை அத்தைதான் முதலில் பார்த்தார். “இது அந்த வியாதிதான், உடனே டாக்டர்கிட்ட போ” என்று அத்தையே சொன்னார். அந்த வாரமே பழைய அளவுக்குத் திரும்பினோம். வருகிற சனிக்கிழமைத் தாளில் மஞ்சள் இருக்கிறது.